பறக்குற பறவைக்கு எந்த லென்ஸ்? ராம்நாடு கடற்கரை வாசகர்களோட கேள்வி-பதில்

மழை விட்டு கண்மாயெல்லாம் நெறஞ்சு கெடக்கு, தனுஷ்கோடி பக்கம் பூநாரை எறங்கிருச்சுன்னு ஆளாளுக்கு போன் போடுறாங்க, கூடவே எந்த லென்ஸ் வாங்குறதுன்ற கேள்வியும் வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவ முழுசையும் இதுக்கே ஒதுக்கிட்டேன். விலை நம்பர் எங்கயும் போடல, பண்டிகை ஆஃபர்ல ஒரு விலை அடுத்த மாசம் ஒரு விலைன்னு மாறிக்கிட்டே கெடக்கு, வாங்குற அன்னைக்கு மூணு கடையில கேட்டுக்கங்க.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): அண்ணே, என்கிட்ட கேனான் 200டி இருக்கு, கூட 55-250 லென்ஸ். தனுஷ்கோடியில பூநாரை பறக்குறப்ப எடுத்தா புள்ளி மாதிரிதான் வருது. சிக்மா 150-600 எடுக்கலாமா, இல்ல கேனான் 100-400 செகண்ட் ஹேண்ட்ல பாக்கலாமா? கூட்டாளி ஒருத்தன் இதெல்லாம் வேணாம், பேசாம மிரர்லெஸ்ஸுக்கு (உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) மாறிருன்றான். சேத்து வச்சிருக்குறது ஒரு லட்சம், ஒரு தடவதான் வாங்க முடியும்.

பதில்: தம்பி, ஒரு தடவதான் வாங்க முடியும்னு எழுதிட்டீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

புள்ளி மாதிரி வருதுன்றதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பூநாரை றெக்கைய விரிச்சா முனைக்கு முனை சுமாரா ஒன்றரை மீட்டர். அது உங்களுக்கு 100 மீட்டர் தள்ளி பறக்குதுன்னு வைங்க. லென்ஸ 250 எம்எம்ல வச்சா (இந்த நம்பர் பெருசானா பறவையும் பெருசாத் தெரியும்) சென்சார் மேல, அதாவது கேமராவுக்குள்ள படம் பதியுற தகடு மேல விழுற உருவம் 4 மில்லிமீட்டர் கூட வராது, உங்க சென்சாரோட அகலம் 22 மில்லிமீட்டர், அப்ப படத்துல ஆறுல ஒரு பங்குதான் பறவை, மிச்சமெல்லாம் வானம். 400 எம்எம் போட்டா 6 மில்லிமீட்டர், கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. 600 போட்டா 9 மில்லிமீட்டர், பாதிய நெருங்குது. இத மட்டும் பாத்தா 600தான் சரின்னு தோணும். ஆனா அதே பறவை 50 மீட்டர்ல வந்தா 400 எம்எம்லயே 12 மில்லிமீட்டர் வந்துருது, பாதிக்கு மேல. அதாவது தூரம் பாதியா கொறஞ்சா கெடைக்குற லாபம் 400ல இருந்து 600க்குப் போற லாபத்தவிடப் பெருசு. நம்ம கடற்கரையில ஒரே எடத்துல அசையாம உக்காந்திருந்தா பறவை 50 மீட்டருக்குள்ள வரும், இத நான் வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றேன்.

இன்னொரு விஷயம், இது கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. கைய நல்லா நீட்டி கட்டைவிரல நிமித்திப் பிடிங்க. அந்த விரலோட அகலம் எவ்வளவு வானத்த மறைக்குதோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் 600 எம்எம்ல உங்க கேமரா பாக்குற மொத்த அகலமும். அந்தச் சந்துக்குள்ள ஒரு பறவைய கொண்டுவந்து நிறுத்தி, அது போற வேகத்துக்கே நீங்களும் திரும்பி, ஃபோக்கஸும் ஒட்டி, அப்புறம்தான் பட்டன அமுக்கணும். பூநாரை நேர்கோட்டுல நிதானமா போகும், அதப் புடிச்சிரலாம். அரிச்சல்முனையில ஆலா மீனப் பாத்துட்டு தலைகீழா விழும் பாருங்க, அத 600ல தேடிக் கண்டுபுடிக்குறதுக்குள்ள அது மீனோட மேல போயிரும், உங்ககிட்ட வெறும் தண்ணிதான் மிஞ்சும். ஜூம் லென்ஸா இருந்தா 300 பக்கம் வச்சு பறவைய உள்ள கொண்டுவந்துட்டு அப்புறம் மெதுவா ஜூம ஏத்தணும், இதப் பழகுனாலே பாதிப் படம் தேறிரும்.

அதனால உங்களுக்கு என்னோட ஓட்டு கேனான் 100-400 மார்க் 2க்குத்தான், செகண்ட் ஹேண்ட், நல்லா சோதிச்சுப் பாத்து எடுத்தது. ஃபோக்கஸ் சட்டுனு ஓடும், காத்தும் தூசும் சுலபமா போகாத மாதிரி சீல் போட்டிருக்கு, எடை ஒன்றரை கிலோ சொச்சம், கையில வச்சே சுத்தலாம். நாளைக்கு நீங்க ஆர் வரிசை மிரர்லெஸ் வாங்குனாலும் அடாப்டர் போட்டு இதே லென்ஸ ஓட்டலாம், நல்லாவே ஓடும். விளம்பரத்துல 100-400 எல்-னு மட்டும் போட்டிருப்பாங்க, அதுல ரெண்டு உண்டு. பழசு 1998ல வந்தது, முன்னாடி தள்ளி பின்னாடி இழுக்குற ஜூம். புதுசு 2014ல வந்தது, வளையத்தத் திருகுற ஜூம். உங்களுக்கு வேண்டியது திருகுறது. போட்டோவப் பாத்தே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பஸ் ஏறுங்க.

பட்ஜெட்ல அது சிக்கலன்னா சிக்மா 100-400 புதுசாவே பாருங்க, 1160 கிராம்தான், பகல் வெளிச்சத்துல குறை சொல்ல முடியாது. சிக்மா 150-600 கன்டெம்பரரியும் நல்ல லென்ஸுதான், 1930 கிராம், தேர்த்தங்கல் கண்மாயில தூரத்துக் கூட்டுல உக்காந்திருக்குற நாரைக்கு ரொம்பத் தோதா இருக்கும், ஆனா நீங்க கேட்டது பறக்குறதுக்கு.

மிரர்லெஸ் பத்தி கூட்டாளி சொன்னதும் தப்பில்ல. 200டியில ஃபோக்கஸ் புள்ளி ஒம்போதுதான், செகண்டுக்கு 5 படம். கேனான் ஆர்10 மாதிரி மிரர்லெஸ் பாடியில பறவையோட கண்ண அதுவே தேடிப் புடிக்குது, பறக்குற படத்துக்கு அது பெரிய ஒத்தாசை. ஆனா ஒரு லட்சத்துல பாடியும் லென்ஸும் சேத்து எடுக்கப் போனா ரெண்டுலயும் கைய கடிச்சுக்கிட்டு ஏதோ ஒண்ண வாங்குவீங்க. லென்ஸ முதல்ல எடுங்க, பாடி ரெண்டு வருஷம் பொறுக்கட்டும். அதுவரைக்கும் 200டியில நடுப்புள்ளிய மட்டும் வச்சு, ஏஐ சர்வோவுல (நகர்ற பறவைய ஃபோக்கஸ் தொடர்ந்து புடிக்குற மோட்) போட்டு, ஷட்டர் வேகத்த 1/2000 செகண்டுக்குக் கீழ எறங்க விடாம எடுங்க. நல்ல வெயில்ல லென்ஸ் திறப்ப எஃப்/8 வச்சாலும் ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ன்ற அளவு) 500ல 1/2000 கெடைச்சிரும். வெள்ளன ஆறரை மணி வெளிச்சத்துல அதே வேகம் வேணும்னா ஐஎஸ்ஓ 2000, 3000ன்னு ஏறும், ஏறட்டும், படத்துல கொஞ்சம் மணல் மாதிரி தெரிஞ்சா பரவால்ல, றெக்கை கலங்கிப் போனா ஒண்ணும் பண்ண முடியாது.

கேள்வி (ராமநாதபுரம் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): எனக்கு வயது 66. நிக்கான் டி7200 கேமரா மகன் கொடுத்தது. தினமும் காலையில் சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் நடப்பேன், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் தலைக்கு மேலேயே போகின்றன. நிக்கான் 200-500 வாங்கச் சொல்கிறார்கள். வலது தோளில் வலி உண்டு. வாங்கலாமா?

பதில்: ஐயா, வணக்கம். சக்கரக்கோட்டை 2025ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்துச்சு, அந்தக் கரையில தினமும் நடக்குற குடுப்பினை எத்தனை பேருக்குக் கெடைக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க ஐயா. ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு, ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு, ரெண்டையும் ஒரு துணிப்பையில சுத்தி ரெண்டு கையாலயும் கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிங்க. அப்படியே எடதுபக்கம் இருந்து வலதுபக்கம் மெதுவா திரும்புங்க, அறுபது எண்ணுற வரைக்கும். நிக்கான் 200-500 லென்ஸ் 2300 கிராம், உங்க டி7200 சுமாரா 765 கிராம், ரெண்டும் சேந்தா அந்த மூணு கிலோதான். முப்பது எண்ணுறதுக்குள்ள தோள் தாங்கலன்னா அந்த லென்ஸ் உங்களுக்கு வேணாம், எவ்வளவு நல்ல லென்ஸா இருந்தாலும் சரி. பறக்குற பறவைக்கு டிரைபாட் போட்டு சமாளிச்சிரலாம்னு சொல்வாங்க, தலைக்கு மேல போற பறவைக்கு அது சரிப்படாது, கழுத்துதான் நோகும்.

உங்களுக்கு நான் சொல்றது நிக்கான் 300 எம்எம் எஃப்/4 பிஎஃப். வெறும் 755 கிராம். ஜூம் கெடையாது. தலைக்கு மேலயே போகுதுன்னு எழுதியிருக்கீங்களே, கூழைக்கடா அவ்வளவு கிட்டப் போறப்ப 300 எம்எம் தாராளம், 500 போட்டா றெக்கை வெட்டுப்படும். தூரமா போறதுக்கு நிக்கானோட 1.4 மடங்கு கன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டி உருவத்தப் பெருசாக்குறது) ஒண்ணு சேத்துக்கலாம், அது 190 கிராம், போட்டா 420 எம்எம் எஃப்/5.6 ஆயிரும், அப்பயும் மொத்தம் ஒரு கிலோவுக்குள்ளதான். ஒரே ஒரு குறை, சூரியனுக்கு எதிரா பிடிச்சா வெளிச்சப் புள்ளிய சுத்தி வளையம் மாதிரி விழும், காலைல கெழக்குப் பக்கம் முதுகக் காட்டி நின்னுட்டீங்கன்னா அந்தத் தொல்லையும் இல்ல. செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும், மகன கூட்டிட்டுப் போயி கையில பிடிச்சுப் பாத்து வாங்குங்க ஐயா.

கேள்வி (மண்டபம் வாசகர்): சோனி ஏ6400 வச்சிருக்கேன். சோனி 200-600, டாம்ரான் 150-500, சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ் மூணுல எது? படகுலயும் போவேன், கடற்கரை மணல்லயும் படுத்து எடுப்பேன். வெலையத் தவிர வேற என்ன வித்தியாசம் ப்ரோ?

பதில்: மணல்லயும் படகுலயும்னு எழுதிட்டீங்க, அதுக்கு அப்புறம் எனக்கு யோசனையே இல்ல, சோனி 200-600தான். காரணத்த என் அனுபவத்துல இருந்தே சொல்றேன்.

ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு நீளுற ஜூம் லென்ஸ் வச்சிருந்தேன், ஜூம் பண்ணா குழாய் வெளிய வரும், கொறச்சா உள்ள போகும். கச்சான் காத்து அடிக்குற ஆடி மாசம், அரிச்சல்முனையில ரெண்டு நாள் கடல் ஓரமா செம்பருந்துக்குக் காத்துக்கெடந்தேன். மூணாவது நாள் வீட்டுல வச்சு ஜூம் வளையத்தத் திருகுறேன், சரக் சரக்குன்னு ஒரு சத்தம், பல்லுல மணல் கடிபட்டா ஒடம்பு கூசும்ல, அந்த மாதிரி. குழாய் வெளிய நீளுறப்ப அது மேல மணல் ஒட்டுது, உள்ள இழுக்குறப்ப அதோட சேத்து உள்ள போயிருது, கூடவே உப்புக் காத்தையும் பம்பு மாதிரி இழுத்துக்குது. ரிப்பேர் கடையில பிரிச்சுக் காட்டுனாங்க, உள்ள இருந்த கிரீஸ் பூராம் மணலோட கொழஞ்சு கெடந்துச்சு. வாரண்டி இருந்துச்சு, ஆனா மணல், உப்பு, தண்ணி எதுக்கும் வாரண்டி சேராது, கார்டுலயே எழுதியிருக்கும், நான் படிக்கல. கையில இருந்து பணம் போச்சு, ஒன்றரை மாசம் லென்ஸும் இல்ல, அந்த சீசன் அப்படியே போச்சு.

சோனி 200-600ல ஜூம் பூராம் உள்ளுக்குள்ளயே நடக்குது, வெளிய நீளமே மாறாது. நிக்கான் இசட் மவுண்ட் வச்சிருக்கவங்களுக்கு 180-600ம் அதே மாதிரிதான். உள்ளயே ஜூம் ஆகுறதுல இன்னொரு சௌகரியம், 200ல இருந்தாலும் 600ல இருந்தாலும் கையில எடை ஒரே எடத்துல நிக்கும், பறவைய தொடர்ந்துக்கிட்டே ஜூம் பண்றப்ப மூக்கு தொங்காது. சோனி 200-600 ஸ்டாண்டு பிடியில்லாம 2115 கிராம், உங்க ஏ6400 சின்ன பாடி, முன்பாரம் ஜாஸ்தியா இருக்கும், எடது கைதான் முழுசா தாங்கணும்.

டாம்ரான் 150-500 சின்னது, 1725 கிராம், பைக்குள்ள அடங்கும், பஸ்ல போறவங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனா அது நீளுற ஜூம். சிக்மாவும் நீளுறதுதான், பேருக்கு ஏத்த மாதிரி கட்டுமானம் உறுதியா இருக்கும், ஒரு விரல்ல ஜூம இறுக்கி விட்டுக்கலாம். சோனி பாடியில மத்த கம்பெனி லென்ஸ் போட்டா செகண்டுக்கு 15 படத்துக்கு மேல போகாது, டெலிகன்வெர்ட்டரும் போட முடியாது, ஆனா உங்க ஏ6400 ஓட்டுறதே 11 படம்தான், அதனால அதப் பாத்து நீங்க பயப்பட வேண்டியதில்ல. படகுல போறதுன்னா பாக் நீரிணைப் பக்கம் போங்க, நம்ம ஆளுக அதப் பொம்பளக் கடல்னு சொல்றது சும்மா இல்ல, அலை அடங்கிக் கெடக்குற நாள்ல கையும் அடங்கி நிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல்ல பம்ப் பிளோயரால மணல ஊதித் தள்ளுங்க, துடைக்குறது அப்புறம்தான். மணல் இருக்குறப்பவே துணிய வச்சா கண்ணாடிய நீங்களே தேச்சுக் கெடுக்குறீங்க. அப்புறம் நல்ல தண்ணியில நனைச்சு இறுக்கிப் புழிஞ்ச துணியால லென்ஸோட ஒடம்ப, வளையத்த, பாடியோட சேர்ற எடத்த உப்பு போகத் தொடைங்க. அரிசி டப்பாவுக்குள்ள வைக்காதீங்க, அரிசி மாவு வேற உள்ள போகும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40ல இருந்து 50க்குள்ள நின்னா போதும். நம்ம ஊரு ஈரக் காத்துக்கு இது இல்லாம லென்ஸ் வச்சிருக்குறது கருவாட்ட மழையில போட்ட மாதிரி.

கேள்வி (கீழக்கரை வாசகர்): காக்கா (எங்க ஊர்ல அண்ணன்னு அர்த்தம்), மச்சான் துபாய்ல இருந்து அடுத்த மாசம் வர்றாங்க. அங்க லென்ஸ் மலிவுன்றாங்க, வாங்கிட்டு வரச் சொல்லலாமா? இங்க ஒரு கடையில பில் இல்லாம எடுத்தா இன்னும் கம்மியா தர்றேன்றாங்க.

பதில்: மச்சான் வாங்கிட்டு வர்றது தப்பில்ல தம்பி, ஆனா மூணு விஷயத்த முன்கூட்டியே பேசிக்கங்க. ஒண்ணு வாரண்டி, அந்த மாடலுக்கு இந்தியாவுல செல்லுமான்னு கார்டுல எழுதியிருக்கும், அங்க கடைக்காரர் வாயால சொல்றது கணக்குல சேராது, கார்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் படிச்சுப் பாருங்க. ரெண்டு ஏர்போர்ட் சுங்கம், இலவச வரம்பத் தாண்டுச்சுன்னா டூட்டி கட்டணும், பெரிய லென்ஸ் தாண்டத்தான் செய்யும், அதையும் கூட்டிப் பாத்தா இங்க ஆஃபர்ல வாங்குறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கான்னு தெரியும். மச்சான் பில்ல கையோட வச்சிருக்கணும், லக்கேஜ்ல போட்டுட்டு அங்க நின்னு தேட வேணாம். மூணாவது, இதுதான் முக்கியம், பறக்குற பறவைக்கு லென்ஸ் எடுக்குறப்ப கையில பிடிச்சுப் பாக்காம எடுத்தா வந்ததுக்கு அப்புறம் எடை தாங்கல, ஃபோக்கஸ் முன்ன பின்ன விழுதுன்னு தெரிஞ்சாலும் துபாய்க்குத் திருப்பி அனுப்ப முடியாது.

பில் இல்லாம தர்றேன்ற கடைய விட்டு வெளிய வந்துருங்க. பில் இல்லன்னா நீங்க அந்தக் கடையில வாங்குனதுக்கே சாட்சி இல்ல. ஜிஎஸ்டி நம்பரோட பில், அதுல லென்ஸோட சீரியல் நம்பர், அந்த நம்பர் லென்ஸ் மேலயும் டப்பா மேலயும் கார்டுலயும் ஒண்ணா இருக்கான்னு கடையிலயே நின்னு ஒத்துப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

கேள்வி (தொண்டி வாசகி): அண்ணா, நான் காரங்காடு அலையாத்திக் காட்டுப் பக்கம் பறவை எடுக்குறேன். ஆன்லைன்ல பாத்து வெளியூர்க் கடை ஒண்ணுல பழைய 150-600 வாங்குனேன், பில் குடுத்தாங்க. "மின்ட் கண்டிஷன்"னு, அதாவது புதுசு மாதிரியே இருக்குன்னு எழுதியிருந்தாங்க. வந்து பாத்தா உள்ள நூல் நூலா ஏதோ தெரியுது, 600ல படம் பனி மூட்டம் மாதிரி வருது. கேட்டா செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு ரிட்டர்ன் கெடையாதுன்றாங்க. போன பணம் போனதுதானா?

பதில்: தங்கச்சி, படிக்குறப்பவே வருத்தமா இருந்துச்சு. அந்த நூல் மாதிரி தெரியுறது பூஞ்சை. சிலந்தி வலை மாதிரி கிளை கிளையா போயிருந்தா சந்தேகமே இல்ல. அது உங்ககிட்ட வந்து ரெண்டு நாள்ல வளர்றது கெடையாது, அவங்ககிட்டயே இருந்ததுதான்.

பணம் போகல. செகண்ட் ஹேண்டா இருந்தாலும் கடைக்காரர் வியாபாரமா வித்து, பில்லும் குடுத்திருக்காரு, நீங்க நுகர்வோர்தான். மின்ட்னு எழுதிட்டு பூஞ்சை லென்ஸ அனுப்புனது தப்பான வர்ணனை, கடையோட "ரிட்டர்ன் கெடையாது"ன்ற போர்டு அதைக் காப்பாத்தாது. இன்னைக்கே செய்ய வேண்டியது, அந்த விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அவங்க அழிக்குறதுக்கு முன்னாடி. லென்ஸுக்குப் பின்னாடி இருந்து செல்போன் டார்ச் அடிச்சு முன்னாடி இருந்து போட்டோவும் வீடியோவும் எடுங்க, சீரியல் நம்பரும் தெரியணும். பணம் அனுப்புன ரசீது, பார்சல் வந்த தேதி, அவங்களோட பேசுன மெசேஜ் எல்லாம் ஒரே எடத்துல. அப்புறம் எழுத்துல ஒரு நோட்டீஸ், பணத்தத் திருப்பித் தர பதினஞ்சு நாள் டைம் குடுத்து, ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க.

நடுவுலயே 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம், அவங்க கடைக்குத் தகவல் அனுப்புவாங்க, நெறைய கேஸ் இதுலயே முடிஞ்சிருது. முடியலன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ல வந்த சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம், கடை எந்த ஊர்ல இருந்தாலும் சரி, ராமநாதபுரத்துலயே போடுங்க. பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, வக்கீல் வைக்கணும்ன்ற கட்டாயமும் இல்ல, பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஒரு தனி ஆள் தான் வச்சிருந்த லென்ஸ வித்திருந்தா இந்த வழி அவ்வளவு சுலபமா தெறக்காது, அதனாலதான் செகண்ட் ஹேண்ட் தனி ஆள்கிட்ட வாங்குறவங்க நேர்ல பாக்காம வாங்கவே கூடாதுன்னு தொண்டத்தண்ணி வத்த சொல்றேன்.

நேர்ல பாக்குறப்ப என்ன பாக்கணும்னா, டார்ச் அடிச்சு பூஞ்சை பாக்குறது முதல். அப்புறம் ஜூம் வளையத்த ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு ரொம்ப மெதுவா காதுகிட்ட வச்சுத் திருகுங்க, மணல் சத்தம் கேக்குதான்னு. கேமராவுல மாட்டுற வளையத்துல பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருந்தா அது கடல்ல அடிபட்ட லென்ஸ், நம்ம பக்கத்துல அது ஜாஸ்தி. உங்க கேமராவ கொண்டுபோயி மாட்டி ரோட்டுல போற பைக்க, பறக்குற காக்காவ தொடர் ஃபோக்கஸ்ல ஒரு நூறு படம் எடுத்து, அங்கயே பெருசு பண்ணிப் பாருங்க. விக்கிறவர் அவசரப்படுத்துனா வேற லென்ஸ் பாருங்க.

கேள்வி (பரமக்குடி வாசகர்): நிக்கான் பி950, 83 மடங்கு ஜூம், ஒரே கேமரா போதும்ன்றாங்க. பறக்குறதுக்கு ஆகுமா?

பதில்: ஆகாதுங்க. அதுல 2000 எம்எம்முக்கு ஈடா ஜூம் போகும், ஆனா சென்சார் சின்னது, ஃபோக்கஸ் மெதுவு, பறக்குறத தொடர்ந்து புடிக்க அது செஞ்சதில்ல. கூட்டுல உக்காந்திருக்குறது, கருவேல மரத்துல குஞ்சுக்கு இரை குடுக்குறது, நிலா, இதுக்கெல்லாம் அருமையான கேமரா, ஒரு கிலோதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பக்கம் கூட்டுப் பறவை பாக்குறவங்களுக்கு நானே சொல்லியிருக்கேன்.

கேள்வி (ராமேஸ்வரம் வாசகர்): இருக்குற லென்ஸுல 2 மடங்கு கன்வெர்ட்டர் போட்டா போதாதா?

பதில்: போட்டா ரெண்டு ஸ்டாப், அதாவது நாலுல மூணு பங்கு வெளிச்சம் போகும். எஃப்/5.6 லென்ஸ் எஃப்/11 ஆகும், ஃபோக்கஸ் தடுமாறும், நல்ல டிஎஸ்எல்ஆர்லயே நின்னுரும். பறக்குறதுக்கு வேணாம்.

கேள்வி (உச்சிப்புளி வாசகர்): அண்ணே, லென்ஸ் 400 இருக்கு. பூநாரை எல்லாம் தண்ணிக்குள்ள மேஞ்சுக்கிட்டே இருக்கு, பறக்கவே மாட்டேங்குது. சில பேரு ஓடிப்போயி கிளப்பி விட்டு எடுக்குறாங்க, படம் நல்லா வருது. 600 இருந்தா இது தேவப்படாதா?

பதில்: தம்பி, நீங்க இதக் கேட்டதுக்கு நன்றி. ஓடிப்போயி கிளப்பி விடுறத நானும் கண்ணால பாத்தேன், ஒருத்தர் கைதட்டிக்கிட்டே தண்ணிக்குள்ள எறங்குறாரு, கூட்டாளிக நாலு பேரு கரையில வரிசையா லென்ஸோட நிக்கிறாங்க. மனசு கொதிச்சுப் போச்சு. அவ்வளவு தூரம் பறந்து வந்து, தலைய கவுத்து சேத்த அரிச்சு அரிச்சு வயித்த ரொப்பிக்கிட்டு இருக்குற பறவை. ஒவ்வொரு தடவ கிளம்புறப்பவும் அது தின்னதுல ஒரு பங்கு அந்தப் பறத்தல்லயே போயிருது. 2025ல தனுஷ்கோடிப் பகுதிய பெரும் பூநாரை சரணாலயமாவே அறிவிச்சாச்சு, வனவிலங்குச் சட்டப்படியும் அதுகள விரட்டுறது குத்தம்.

600 வாங்குனாலும் இதுக்கு விடை கெடைக்காது. பத்து மணிக்கு மேல தண்ணிப் பரப்புல இருந்து கானல் எழும்பும், 300 மீட்டர் தள்ளி இருக்குற பறவை எந்த லென்ஸுலயும் கொதிக்குற தண்ணிக்குள்ள இருக்குற மாதிரிதான் நெளியும், பூநாரையோட கழுத்து கயிறு மாதிரி ஆடும். காசு குடுத்து அத சரி பண்ண முடியாது. உங்க 400 போதும், நிக்கிற எடத்தத்தான் மாத்தணும்.

பூநாரை காத்த எதுத்துத்தான் கிளம்பும், கிளம்புறதுக்கு முன்னாடி தண்ணி மேல நாலஞ்சு எட்டு ஓடும். இப்ப வாடைக் காத்து, வடகெழக்குல இருந்து வருது. அப்ப பறவைக்கு வடகெழக்குப் பக்கமா, நல்லா தள்ளி, காத்து உங்க முதுகுல படுற மாதிரி உக்காந்தா கிளம்புறப்ப மூஞ்சி உங்க பக்கம் திரும்பியிருக்கும், காலைச் சூரியனும் உங்களுக்குப் பின்னாடி ஒதுங்கி நிக்கும், றெக்கைக்கு உள்பக்கம் இருக்குற செவப்புல வெளிச்சம் நேரா விழும். வெள்ளன இருட்டு பிரியுறதுக்குள்ள போயி எடத்தப் புடிச்சிருங்க, அப்புறம் நடமாடாதீங்க. அதுக தானா எடம் மாறும், மாறுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் மாறும். மேயுறத நிறுத்திட்டு ஒண்ணொண்ணா தலைய தூக்கும், கழுத்த நீட்டி அங்கிட்டும் இங்கிட்டும் பாக்கும், அப்புறம் கூட்டமே ஒரே பக்கமா நடக்க ஆரம்பிக்கும். அப்ப கேமராவ கண்ணுல வைங்க, 1/2000, ஜூம் 300ல.